பிரயாணியின் ஜாபிதா

பெண்ணுடலை நாடி ஊர்விட்டு ஊர் போகிறவன் மற்றப் பிரயாணிகளைப் போலவே திரும்பி வந்து ஒப்பிட ஆரம்பிக்கிறான். இந்த ஊர் மலிவு, அந்த ஊர் கெடுபிடி. இங்குள்ளவர்கள் கனிவானவர்கள், அங்குள்ளவர்கள் காசிலேயே குறி. பத்து வருஷத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டும், இப்போது எல்லாம் கெட்டுவிட்டது. மலைவாசஸ்தலங்களைப் பற்றிப் பேசுகிறவனின் வாக்கியங்களும் இவைதான், பெயர்ச்சொற்கள்தான் வேறு. இந்தப் பேச்சில் பெரும்பகுதி மதுக்கடை மேஜையோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அச்சு இயந்திரம் பரவிய காலத்திலிருந்தே அதில் ஒரு பங்கு காகிதத்தில் ஏறி வந்திருக்கிறது. பெயர், விலாசம், விலை என்று பத்தி பிரித்த ஜாபிதாக்கள் அவை. இலக்கிய சரித்திரக்காரர்கள் அவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை. ஒழுக்கவாதிகள் கொளுத்தினார்கள், சேகரிப்பாளர்கள் பூட்டி வைத்தார்கள். இரண்டு தரப்பாரும் அவற்றைப் படித்ததாகத் தெரியவில்லை.

படித்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. ஊர்களை இப்படி ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஓர் அனுமானம் தேவைப்படுகிறது. அந்த ஊர் தன் சுபாவத்தாலேயே அப்படி இருக்கிறது என்பதுதான் அது. மண்ணின் குணம், வெயில், அந்த ஜனங்களின் மதம், பெண்களின் இயல்பு என்று ஏதாவதொன்று அதற்குக் காரணமாகிவிடும். ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தால், சுபாவம் என்று சொல்லப்பட்ட இடத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு கிடைக்கிறது. அரசனோ செனட்டோ சேனாபதியோ வங்கியோ அதைப் பிறப்பித்திருக்கிறார்கள். பிரயாணி பார்ப்பது அந்த உத்தரவின் விளைவை. அவன் எழுதுவது ஒரு ஜனத்தொகையின் குணசித்திரத்தை. இந்த இடைவெளியின் சரித்திரத்தைத் தொட்டுக்காட்டுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1

1565ஐ ஒட்டி வெனிஸ் நகரத்தில் ஒரு சிறு பட்டியல் வெளிவந்தது. அந்நகரின் முக்கியமான, மிகவும் கௌரவமான கணிகையரின் பட்டியல் என்று அதற்குப் பெயர். இருநூறுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர், அவர்கள் குடியிருக்கும் இடம், யார் மூலம் அணுக வேண்டும், எத்தனை ஸ்கூதி கொடுக்க வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருந்தன. கேலிக்காகத் தொகுத்தார்களா, உபயோகத்துக்காகவா என்ற விவாதம் உண்டு. எதுவாக இருந்தாலும் அதன் வடிவம்தான் பின்னால் நிலைத்தது. ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வரி, வரியின் முடிவில் ஓர் எண்.

அதில் வெரோனிகா பிராங்கோ என்ற பெயரும் இருக்கிறது. விலை 2 ஸ்கூதி, அணுக வேண்டியவள் அவளுடைய தாய். 1546இல் பிறந்த அவளுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருந்ததோ என்னவோ. 1575இல் இதே பெண் தன் கவிதைத் தொகுதியை வெளியிட்டாள், 1580இல் கடிதங்களை அச்சிட்டாள். இத்தாலிய மறுமலர்ச்சிக் கவிதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று அவளைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அந்தக் கடிதங்களில் ஒன்று, மகளைக் கணிகையாக்க நினைத்த ஒரு தாய்க்கு எழுதப்பட்டது. உண்பதும் உறங்குவதும்கூடத் தன் வசத்தில் இல்லாத அந்த அடிமைத்தனத்துக்குப் பெற்ற மகளைத் தள்ளாதே என்று மன்றாடியும் மிரட்டியும் எழுதுகிறாள். தன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயர் தரகராக அச்சாகியிருந்த ஒருத்தி எழுதிய கடிதம் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. ஜாபிதாவின் ஒரு வரி எழுந்து பேசியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அது ஒரு விதிவிலக்கு. மற்ற இருநூறு வரிகளும் வரிகளாகவே நின்றுவிட்டன.

1608இல் வெனிஸுக்கு வந்த ஆங்கிலேயன் தாமஸ் கோர்யட், 1611இல் தன் பிரயாண நூலை வெளியிட்டான். வெனிஸிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் குறைந்தது 20,000 கணிகையர் இருப்பதாகக் கருதப்படுகிறது என்று எழுதினான். ஊரின் மொத்த ஜனத்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருந்த காலம் அது. எண்ணிக்கையை ஊதுவது இவ்வகை எழுத்தின் பிறவிக்குணம். இதே ஜாதி எண்கள் இன்றுவரை ஒவ்வொரு ஊருக்கும் உலவுகின்றன, எண்ணியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கோர்யட் ஒரு கணிகையின் வீட்டுக்கும் போனான். அவளை நல்வழிக்குத் திருப்பத்தான் போனதாகச் சொல்லிக்கொண்டான். அவளோடு தான் நிற்கும் சித்திரத்தையும் நூலில் சேர்த்துக்கொண்டான். ஆனால் இந்தக் கோமாளிதான் போகிற போக்கில் ஒரு முக்கியமான தகவலையும் தருகிறான். கணிகையர் கட்டும் வரியைக் கொண்டு வெனிஸ் செனட் ஒரு டஜன் போர்க்கப்பல்களைப் பராமரிக்கிறது என்று ஊரில் பலரும் தன்னிடம் சொன்னதாக எழுதுகிறான். வெனிஸியரின் காமத்தைப் பற்றி அவன் எழுதிய பக்கங்களைவிட இந்த ஒரு தகவலுக்கு எடை அதிகம். பின்னர் அவன் நடந்தே இந்தியா வந்தான், அஜ்மீரில் ஜஹாங்கீரைப் பார்த்துப் பாரசீகத்தில் ஒரு உரை நிகழ்த்தினான், 1617இல் சூரத்தில் செத்தான். ஊர்களை ஒப்பிடும் ஆசை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் நடத்தும் என்பதற்கும் அவன் ஒரு உதாரணம்.

2

இதே வேலை ஜப்பானில் இன்னும் ஒழுங்காக நடந்தது. எடோ நகரத்தில் 1617இல் ஷோகனின் அனுமதியோடு யோஷிவாரா என்ற பேட்டை ஏற்பட்டது. 1657இல், பெருந்தீக்குப் பின், அதை நகரின் விளிம்புக்கு மாற்றினார்கள். சுற்றிலும் அகழி, போக வர ஒரே வாசல். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் கடனுக்கு ஈடாக ஏழைக் குடும்பங்கள் ஒப்படைத்த பெண்கள். இந்தப் பேட்டைக்கு சாய்கென் என்ற வழிகாட்டிப் புத்தகங்கள் வெளிவந்தன. வீதிகளின் படம், வீடு வீடாகப் பெண்களின் பெயர், தரத்தைக் காட்டும் குறிகள், கட்டணம் எல்லாம் அவற்றில் உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை புதுப்பித்து விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த ட்ஸுதயா ஜூஸபுரோதான் உதமாரோவின் மகத்தான மரச்செதுக்குச் சித்திரங்களையும் வெளியிட்டவர். கலைக்கும் ஜாபிதாவுக்கும் பதிப்பாளர் ஒருவரே என்பதை உதமாரோவை ரசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

வாங்கிப் படித்தவர்கள் யார்? 1635 முதல் மாகாணப் பிரபுக்கள் மாறி மாறி எடோவில் வந்து தங்க வேண்டும் என்பது ஷோகனின் சட்டம். அவர்களோடு பரிவாரமும் வந்தது. குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த ஆண்களால் ஊர் நிரம்பியது. ஊருக்குப் புதியவனுக்குத்தான் வழிகாட்டி தேவை. எடோவாசிகளின் இன்ப நாட்டம் என்று பின்னால் புகழப்பட்டதில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. யோஷிவாராவுக்கு அருகே மினோவாவில் ஜோகன்ஜி என்றொரு கோவில் இருக்கிறது. கேட்பாரில்லாமல் செத்துப்போன யோஷிவாராப் பெண்களின் உடல்களைக் கொண்டுவந்து போட்ட இடம். தூக்கி எறிகிற கோவில் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. 25,000 பேர் அங்கே அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். சாய்கெனில் ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு. கோவிலுக்கு வந்து சேரும்போது பெயர் போய்விட்டிருந்தது.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரசபை 1897இல் ஒரு தீர்மானத்தின் மூலம் இந்தத் தொழிலுக்கென்று ஒரு வட்டாரத்தை ஒதுக்கியது. தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் சிட்னி ஸ்டோரி. அவர் பெயராலேயே ஊரார் அதை ஸ்டோரிவில் என்றழைத்தார்கள். ரயிலில் வந்திறங்குகிறவனுக்காக அங்கே நீலப் புத்தகம் என்ற வழிகாட்டி அச்சானது. மதுபான விளம்பரங்களுக்கு நடுவே பெண்களின் பெயர்கள், சில பதிப்புகளில் பெயரை ஒட்டி எழுத்துக் குறிகள். வெள்ளைக்காரிக்கு ஒன்று, கறுப்பினத்தவளுக்கு ஒன்று, எட்டில் ஒரு பங்கு கறுப்பு ரத்தம் உள்ளவளுக்கு வேறொன்று. வாசகனுக்கு அது ருசி பேதம். அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்த ஊரில் ரத்தத்தைப் பின்னமாகக் கணக்கிடும் பழைய சந்தை வழக்கம் இங்கே உயிரோடு இருந்தது. 1917இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், கடற்படையினரின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று மத்திய அரசு ஸ்டோரிவில்லை மூடவைத்தது. ராணுவம் மூடவைத்த ஊர் இது. ஐம்பது வருஷம் கழித்து ராணுவம் திறந்துவைத்த ஊர்களுக்குப் பின்னால் வருகிறேன்.

3

இலக்கியவாதிகள் இந்தச் சரித்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1850 மார்ச் மாதத்தில் குஸ்தாவ் ஃபிளாபேர் நைல் நதியில் படகேறி, எஸ்னா என்ற சிற்றூரில் குச்சுக் ஹானெம் என்ற நடனக்காரியைச் சந்தித்தான். அவள் பெயருக்குத் துருக்கியில் சின்ன அம்மாள் என்று பொருள். அது பெயர்கூட அல்ல, ஒரு விளிப்பு. குறிப்பேட்டிலும் நண்பன் பூயேவுக்கு எழுதிய கடிதத்திலும் அந்த இரவை விஸ்தாரமாக எழுதினான். பூயே அதை வைத்து ஒரு கவிதையும் செய்தான். திரும்பும் வழியில் ஃபிளாபேர் மறுபடியும் எஸ்னாவில் இறங்கினான். அவள் மாறிப்போயிருந்தாள். அந்த ஏமாற்றத்தையும் அவனால் ரசிக்க முடிந்தது. 1853இல், பொறாமைப்பட்ட காதலி லூயிஸ் கோலேவைச் சமாதானப்படுத்தும் கடிதத்தில், கீழைத்தேசப் பெண் ஒரு யந்திரம், அவளுக்கு ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் பேதம் தெரியாது என்று பொதுவிதி வகுத்துவிட்டான். இந்தச் சந்திப்பில் குச்சுக் ஹானெம் தன்னைப் பற்றித் தானே எதுவும் சொல்லவில்லை, ஃபிளாபேர்தான் அவளுக்காகப் பேசினான் என்பதை எட்வர்ட் ஸெய்த் 1978இல் எடுத்துக்காட்டியது இப்போது எல்லோரும் அறிந்த விஷயம்.

அதிகம் பேசப்படாதது இன்னொன்று. அவள் ஏன் எஸ்னாவில் இருந்தாள்? கெய்ரோவில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? 1834இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, நடனக்காரிகளையும் வேசிகளையும் கெய்ரோவில் தடைசெய்து, தெற்கே கேனா, எஸ்னா, அஸ்வான் ஆகிய ஊர்களுக்குத் துரத்தினார். அதற்கு முன்னால் அதே பெண்களிடமிருந்து அரசாங்கம் வரி வசூலித்துக்கொண்டிருந்தது. துரத்தப்பட்டவர்கள் நதிக்கரைச் சிற்றூர்களில் பிழைப்புத் தேட, பழைய கோவில்களைப் பார்க்க நைலில் மேலே போகும் ஐரோப்பியப் படகுகள் அவர்களுக்கு வாடிக்கையாயின. பதினாறு வருஷம் கழித்து வந்த ஃபிளாபேர் கண்டது நாடுகடத்தப்பட்டவர்களின் குடியிருப்பை. அவன் எழுதியது ஆதிகாலக் கீழைத்தேசத்தைப் பற்றி. ஒரு வாக்கியத்தின் சப்தத்துக்காக நாள்கணக்கில் உழன்ற கலைஞன் அவன். காதுக்கு அத்தனை உழைப்பைக் கொடுத்தவனுக்கு, நீ இங்கே எப்படி வந்தாய் என்று எதிரில் இருந்தவளிடம் கேட்டு எழுதிவைக்கத் தோன்றவில்லை. இதை ஃபிளாபேரின் தனிப்பட்ட ஒழுக்கக் குறைவு என்று தள்ளிவிடுவது சுலபம். அவன் கையாண்ட வடிவத்திலேயே அந்தக் கேள்விக்கு இடமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

4

பிரயாணி தனியாகப் போன காலம் இது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ராணுவம் அவனுக்கு முன்னோடியாகப் போய் வழி அமைக்க ஆரம்பித்தது. நம் ஊர்க்கதையும் இங்கே வந்து சேருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்களுக்கென்று லால் பஜார் என்ற வரிசைகள் இருந்தன. பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். இங்கிலாந்தில் இதற்குச் சமமான சட்டத்தை ஜோசபின் பட்லரும் மற்றவர்களும் வருஷக்கணக்கில் போராடி 1886இல் நீக்கவைத்தார்கள். அதே 1886 ஜூன் மாதம் இந்தியாவின் ராணுவத் தலைமையகம் தண்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பஜாரில் பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கிறார்களா, போதிய கவர்ச்சியுடன் இருக்கிறார்களா, தகுந்த வீடுகள் தரப்பட்டிருக்கின்றனவா என்று அதிகாரிகள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 1888இல் இது லண்டனில் அம்பலமாகிப் பார்லிமெண்டு வரை போயிற்று. பிரயாணி ஊர்களை மதிப்பிட என்னென்ன அளவுகோல்களை வைத்திருக்கிறானோ, எண்ணிக்கை, அழகு, இடவசதி, அவையெல்லாம் இங்கே அரசாங்கக் காகிதத்தில், அரசாங்க நடையில் இருக்கின்றன. இந்த நடையில் காமம் என்ற வாசனையே இல்லை.

எண்பது வருஷம் கழித்து, வியத்நாம் யுத்தத்தில், இதே நிர்வாக புத்தி உலகளவுக்கு விரிந்தது. ஒரு வருஷம் போர்முனையில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்க்கு இடையில் சில நாட்கள் ஓய்வு. எங்கே போவது என்பதை அவன் தேர்ந்தெடுக்கலாம். பாங்காக், ஹாங்காங், தைபே, மணிலா, பினாங், சிங்கப்பூர், டோக்கியோ, சிட்னி, ஹொனலூலு. கல்யாணமானவர்கள் மனைவியைச் சந்திக்க ஹொனலூலு போனார்கள். மற்ற ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் பாசறையில் சொன்னவைதான் இந்தக் காலத்து ஒப்பீட்டின் முதல் வாய்மொழி நூல். இருபது வயதுப் பையன்கள் அவர்கள். அடுத்த மாதம் உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. தேர்வுப் பட்டியலைத் தயாரித்தவர்கள் அவர்களல்ல.

தாய்லாந்து அரசு இந்த ஓய்வுப் பயணங்களுக்காக அமெரிக்க ராணுவத்துடன் 1967இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முன்பே அங்கே விசித்திரமான இரண்டு சட்டங்கள் இருந்தன. 1960இல் விபசாரத்தை ஒடுக்கும் சட்டம், 1966இல் கேளிக்கை ஸ்தலங்களுக்கு உரிமம் தரும் சட்டம். முதலாவது பெண்ணைக் குற்றவாளியாக்கியது. இரண்டாவது அவள் வேலைசெய்யும் மசாஜ் நிலையத்தையும் மதுக்கூடத்தையும் முறையான வியாபாரமாக்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில் போலீஸ்காரன் கையேந்த வசதியாக ஒரு சந்து இருந்தது. உடோன், உபோன், கோராட், நக்கோன் பனோம் என்று அமெரிக்க விமானத் தளங்கள் பல வடகிழக்கில் இருந்தன. அந்தப் பிரதேசத்துக்கு ஈசான் என்று பெயர், நம் ஈசான மூலைதான். மழை பொய்க்கிற, மண் வளமற்ற, நெல்லை மட்டும் நம்பிய பூமி. 1950களிலிருந்து 1986 வரை தாய்லாந்து அரசு அரிசி ஏற்றுமதிமீது விசேஷத் தீர்வை விதித்து வந்தது. நகரத்தில் அரிசி மலிவாகக் கிடைத்தது, உழவனுக்குக் கிடைக்கவேண்டிய விலை குறைந்தது. பாங்காக்கின் மதுக்கூடங்களில் இருந்த பெண்களின் ஊரைக் கேட்டால் ஈசான் என்றோ வடக்கு மலைப்பிரதேசம் என்றோ பதில் வந்ததற்கும் அந்தத் தீர்வைக்கும் சம்பந்தம் இருக்கிறது.

1976க்குள் அமெரிக்கத் தளங்கள் காலியாயின. ஹோட்டல்களும் மதுக்கூடங்களும் கடனும் மிஞ்சின. சத்தஹீப் துறைமுகத்துக்கும் உதபாவோ விமானத் தளத்துக்கும் பக்கத்தில் மீன்பிடிக் கிராமமாக இருந்த பட்டாயா அதற்குள் வேறு ஊராகிவிட்டிருந்தது. சிப்பாய் விட்டுப்போன நாற்காலியில் ஜெர்மானியனும் ஜப்பானியனும் அரேபியனும் வந்து உட்கார்ந்தார்கள். 1967இல் அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரியாக இருந்த மக்னமாரா 1968இல் உலக வங்கியின் தலைவரானார். 1970களில் அந்த வங்கி சுற்றுலாவுக்கென்றே ஒரு தனிப்பிரிவு வைத்து ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுத்தது. இதில் சதித்திட்டம் எதையும் தேட வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி வேண்டும் என்ற ஒரே எண்ணம் எல்லா மேஜைகளிலும் இருந்தது.

கொரியாவில் இது இன்னும் பகிரங்கம். ஜப்பானில் விபசாரத் தடைச் சட்டம் 1956இல் நிறைவேறி 1958இல் முழு அமலுக்கு வந்தது. யோஷிவாராவின் முந்நூற்று நாற்பது வருஷம் முடிந்தது. 1964இல் ஜப்பானியர் உல்லாசமாக வெளிநாடு போக அனுமதி வந்தது. 1965இல் கொரியாவோடு உறவு சீரானது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆண்கள் கும்பல் கும்பலாக சியோல் போனார்கள். பழைய அரசவை நடனக்காரியின் பெயரான கீசெங் என்ற சொல்லே சுற்றுலாவின் பெயராயிற்று. விருந்துக்குப் பின் ஹோட்டல் அறைக்குப் போக அந்தப் பெண்களுக்கு அதிகாரபூர்வமான அனுமதி அட்டைகள் தரப்பட்டன. மூடிய அகழியும் ஒற்றை வாசலும் கடல் கடந்துவிட்டன, அவ்வளவுதான். 1973 டிசம்பரில் இவ்ஹா பெண்கள் பல்கலைக்கழக மாணவிகள் கிம்போ விமான நிலையத்தில் ஜப்பானியப் பிரயாணிகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். அதே மாதம் டோக்கியோவின் ஹானெடா விமான நிலையத்தில் ஜப்பானியப் பெண்களும் நின்றார்கள். அவர்களோடு சேர்ந்து இயங்கிய பத்திரிகையாளர் மாட்சுயி யாயோரி, காலனியாட்சிக் காலத்தில் கொரியப் பெண்களை ராணுவ விடுதிகளுக்கு இழுத்துச் சென்றதையும் இதையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார். 1981 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் சுஸுகி தென்கிழக்கு ஆசியச் சுற்றுப்பயணம் வந்தபோது மணிலாவிலும் பாங்காக்கிலும் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கிளம்புகிற விமான நிலையத்திலும் இறங்குகிற விமான நிலையத்திலும் ஒரே கேள்வியை எழுப்பிய இந்தக் கூட்டங்கள்தான் ஜாபிதாவுக்கு எதிரான முதல் சரியான விமர்சனம்.

5

ஒரு ஊரை மூடினால் இன்னொரு ஊர் திறக்கிறது என்பதைப் பிரயாணி நன்றாக அறிவான். அவன் ஒப்பீட்டுக்கே அதுதான் ஆதாரம். 1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் அமெரிக்கத் தளங்களுக்கான உடன்படிக்கையை நிராகரித்தது, அடுத்த வருஷம் நவம்பரில் கடற்படை சூபிக்கை விட்டுப் போயிற்று. கிளார்க் விமானத் தளத்தைப் பினாட்டுபோ எரிமலை முன்பே சாம்பலால் மூடிவிட்டிருந்தது. அதன் வாசலில் வளர்ந்த ஏஞ்சலீஸ் நகரத்தின் மதுக்கூடங்கள் சாம்பலைத் துடைத்துவிட்டுச் சுற்றுலாப் பிரயாணிகளுக்குத் திறந்தன. ஏறத்தாழ அதே சமயம் மணிலாவின் மேயர் லிம், எர்மீட்டா வட்டாரத்தின் மதுக்கூடங்களை மூடினார். வியாபாரம் பக்கத்து நகரங்களுக்கு நகர்ந்தது. ஊர்கள் மாறின, பெண்கள் புறப்பட்டு வரும் கிராமங்கள் அநேகமாக மாறவில்லை. ஒப்பீடு எப்போதும் வந்துசேரும் ஊரைப் பற்றியது. புறப்படும் கிராமத்தின் பெயர் அதில் வருவதில்லை.

இந்த எழுத்துவகையின் உச்சம் என்று நான் கருதுவது வழிகாட்டிப் புத்தகமல்ல, ஒரு அகராதி. லாங்மன் நிறுவனத்தின் ஆங்கில மொழி, கலாச்சார அகராதியில், பாங்காக் என்ற சொல்லுக்குத் தாய்லாந்தின் தலைநகரம் என்பதோடு, கோவில்களுக்குப் பெயர் போனது, வேசிகள் மிகுந்த இடமாக அடிக்கடி குறிப்பிடப்படுவது என்ற கருத்தில் பொருள் எழுதியிருந்தார்கள். 1993இல் இது தெரியவந்து தாய்லாந்து கொதித்தது. புத்தகத்துக்குத் தடை, தூதரக எதிர்ப்பு, ஆர்ப்பாட்டம். பதிப்பகம் அந்தப் பதிவைத் திருத்த ஒப்புக்கொண்டது. அகராதிக்காரர்கள் புளுகவில்லை, ஆங்கிலம் பேசுகிறவனின் மனத்தில் அந்த ஊர்ப் பெயர் எதை எழுப்புகிறதோ அதைப் பதிவு செய்தார்கள். கொதித்த அரசாங்கமும் புளுகவில்லை, அவமானம் நிஜமானது. ஆனால் 1960, 1966, 1967 என்ற மூன்று வருஷங்களை அகராதியும் சொல்லவில்லை, அரசாங்கமும் சொல்லவில்லை. ஓர் ஒப்பந்தத்தின் விளைவு ஒரு பெயர்ச்சொல்லின் அர்த்தமாகக் கெட்டிப்பட இருபத்தைந்து வருஷம் போதுமாயிருந்தது.

6

வேறு விதமான பட்டியல்களும் உண்டு. 1982இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்துக்காகப் பொருளாதார அறிஞர் பாசுக் போங்பைச்சித், பாங்காக்கின் மசாஜ் நிலையங்களில் வேலைசெய்த 50 பெண்களைப் பேட்டி கண்டு ஒரு நூல் எழுதினார். எந்த ஊர், எத்தனை ஏர் நிலம், என்ன கடன், வீட்டுக்கு எவ்வளவு பணம் போகிறது என்று கேட்டார். சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு கிராமத்துக்குப் போய் வீடாகவும் கிணறாகவும் தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளமாகவும் மாறிக்கொண்டிருந்தது. தங்களுக்கு வாய்த்த வழிகளில் எது அதிகம் தரும் என்று அந்தப் பெண்களும் ஒப்பிட்டுத்தான் வந்திருந்தார்கள். வயல்கூலி, வீட்டுவேலை, ஆலைவேலை, இது. பிரயாணிக்கு ஒப்பிட நாடுகள் இருந்தன, இவர்களுக்கு நாலு வேலைகள் இருந்தன. இதை அறியாமை என்றோ சீரழிவு என்றோ சொல்லிவிட்டு நகர முடியாது என்பதுதான் அந்தச் சின்ன நூலின் பலம்.

ஒப்பிட வாய்ப்பே இல்லாதவர்களும் இருந்தார்கள். 1984 ஜனவரி 30ஆம் தேதி பூக்கெட் தீவில் ஒரு விடுதி தீப்பிடித்தது. பூட்டிய அறைக்குள் ஐந்து இளம்பெண்களின் கரிந்த உடல்கள் கிடந்தன. பிரயாணிகள் கடற்கரைக்காக மெச்சும் தீவு அது. அன்றைய தேதியில் அந்தத் தீவைப் பற்றி அச்சிலிருந்த எந்த வழிகாட்டியிலும் பூட்டு என்ற சொல் இருந்திருக்காது.

1990களில் சட்டம் ஒரு திருப்பம் எடுத்தது. குழந்தைகளை நாடிப் போகும் பிரயாணிகளின் விஷயம் பாங்காக்கில் 1990இல் தொடங்கிய இயக்கத்தின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தது. இலங்கையின் மேற்குக் கடற்கரையும் கோவாவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. 1993இல் ஜெர்மனியும் 1994இல் ஆஸ்திரேலியாவும் 2003இல் அமெரிக்காவும், வெளிநாட்டில் இக்குற்றம் செய்துவிட்டுத் திரும்பும் தம் பிரஜையை உள்ளூரிலேயே விசாரிக்கத் தம் சட்டங்களை விரிவாக்கின. இலங்கை 1995இல் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. தண்டிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சொற்பம். ஆனாலும் நானூறு வருஷத்தில் முதல்முறையாகப் பிரயாணியின் பெயரும் ஒரு தாளில் ஏறியது. அதுவரை ஜாபிதாவில் எல்லோருக்கும் பெயர் இருந்தது, அதைப் படிக்கிறவனுக்குத்தான் இல்லை.

1985இல் பாங்காக்கின் பட்பொங் தெருவில் சந்தாவிபா அபிசுக் என்பவர் எம்பவர் என்ற அமைப்பைத் தொடங்கினார். மதுக்கூடப் பெண்களுக்கு அங்கே முதலில் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம். வாடிக்கைக்காரன் என்ன சொல்கிறான் என்று புரிய, தொகையை முன்பே பேச, முடியாது என்று சொல்ல. ஒழுக்கவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை, தொழிலை வளர்க்கிறார்கள் என்றார்கள். எனக்கு இது வெரோனிகா பிராங்கோவின் கடிதத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய காரியமாகப் படுகிறது. தன்னைப் பற்றி எழுதப்படும் பாஷையைத் தானும் கற்றுக்கொள்வது ஒரு தொடக்கம்.

ஒப்பிடுவது நம் தொழிலும்தான். கவிதையைக் கவிதையோடும் காலத்தைக் காலத்தோடும் வைத்துப் பார்க்காமல் விமர்சனம் இல்லை. அதனாலேயே பிரயாணியின் ஒப்பீட்டில் இருக்கும் கோளாறு நமக்கு ஒரு பாடம். அவன் இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைக்கிறான், இரண்டின் தேதிகளையும் அழித்துவிட்டு வைக்கிறான். தேதி போனதும் உத்தரவு போய்விடுகிறது, உத்தரவு போனதும் சுபாவம் மட்டும் மிஞ்சுகிறது. எஸ்னாவின் பக்கத்தில் 1834 என்றும், சியோலின் பக்கத்தில் 1958 என்றும் 1965 என்றும், பாங்காக்கின் பக்கத்தில் 1967 என்றும் எழுதிவிட்டு, அதன்பின் எது மலிவு, எது கனிவு என்று ஒருவன் பேசட்டும். பேசுவது கஷ்டமாகத்தான் இருக்கும்.